முதலில் கேட், அப்புறம்தான் தண்ணீர்

போன இரண்டு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். மூவரும் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். மூவருக்கும் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் இருக்கிறது. லீவுக்கு வரும் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். கையில் ஃபோன் இருக்கிறது. அந்த ஃபோனில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் இருபதே நிமிடத்தில் குழி தோண்டி, கம்பி கட்டி, நீலத் தண்ணீர் நிரப்பி, அதில் குதித்தும் விடுகிறார். "உங்க பொடக்காலியில நீங்களே நீச்சல் குளம் கட்டுனீங்களாமே, நாங்களும் கட்டலாமுங்களா?" என்பதுதான் கேள்வி.

தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதியே விடுகிறேன். கட்டலாம். ஆனால் நான் கட்டிய வரிசையில் கட்டாதீர்கள். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், நான்கு வருடமாக நான் பேசாமல் வைத்திருந்த ஒரு விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2021 ஊரடங்கில் மகள் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். பேரனுக்கு அப்போது ஒன்பது வயது, பேத்திக்கு ஆறு. இருவரும் நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் பேச்சுவாக்கில், "அப்புச்சி, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று பேரன் கேட்டான். என் மாமன் தோட்டத்துக் கிணற்றில் எட்டு வயதில் பழகியதைச் சொன்னேன். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, மாமன் பத்தாவது படியிலிருந்து தூக்கிப் போட்டதையும் சொன்னேன். "எங்களை அங்கே கூட்டிட்டுப் போங்க" என்றான். எங்கே கூட்டிப்போவது? அந்தக் கிணறு வற்றி வருடக்கணக்காகிறது. பாதிக்கு மேல் பழைய செருப்பும் பிளாஸ்டிக் பையும் கிடக்கிறது.

அன்று ராத்திரிதான் எனக்குப் புத்தி அப்படிப் போனது. 34 வருடம் நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். மோட்டார், பம்ப், பைப், வால்வு எல்லாம் கைக்குப் பழகியவை. வீட்டில் ஒரு குழாய் ஒழுகினால்கூட இன்றுவரை ஆள் கூப்பிட்டதில்லை. விசாரித்துப் பார்த்த ஒப்பந்தக்காரர் எட்டு லட்சம் என்றார். அந்தத் தொகையைக் கேட்டதும், நாமே செய்துவிடலாம் என்கிற வீம்பு வந்துவிட்டது. மாப்பிள்ளையும் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் வர்றேனுங்க மாமா" என்று கடப்பாரையைத் தூக்கிவிட்டார்.

கணக்கு இதுதான். நீளம் 20 அடி, அகலம் 10 அடி, தண்ணீர் ஆழம் 4 அடி. 800 கன அடி. லிட்டரில் ஏறக்குறைய 22,500. பெரிய தண்ணீர் லாரி இரண்டு பிடிக்கும். வேலை செய்ய இடம் விட்டுத் தோண்ட வேண்டும் என்பதால் குழி 23க்கு 13, ஆழம் 5 அடி. அதாவது 15 யூனிட் மண். வெட்டிப் போட்டால் அது பொலபொலவென்று 18, 20 யூனிட் ஆகிவிடும். இந்த மண் எங்கே போகும் என்று வீடியோக்காரர்கள் யாரும் சொல்வதில்லை.

எங்கள் பக்கம், அதாவது ஒண்டிப்புதூருக்குக் கிழக்கே, மேலே இரண்டடி கரிசல் மண், அதன் கீழே சுக்கான் கல். முதல் இரண்டடியை நானும் மாப்பிள்ளையும் ஏழு நாளில் தோண்டினோம். எட்டாவது நாள் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. சுக்கான் மேல் கடப்பாரை போட்டால் பொறி பறந்ததே தவிர, கல் அசையவில்லை. கடைசியில் ஜேசிபி கூப்பிட்டோம். அது உள்ளே வர வழியில்லை. வடக்குப் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரில் எட்டடியை இடித்து வழி விட்டேன். வண்டி வந்தது, மூன்று மணி நேரத்தில் மீதிக் குழியை முடித்தது. இடித்த இடத்தில் தற்காலிகமாக நான்கு தகரத்தைக் கழியில் கட்டி நிறுத்தினேன். வேலை முடிந்ததும் சுவரை எழுப்பிக்கொள்ளலாம் என்று எண்ணம். இந்தத் தகரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கல் சுவரே போதும் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். கம்பி கட்ட வந்த மேஸ்திரி சிரித்துவிட்டார். அவர் போன பிறகு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நாலடி தண்ணீர், சுவரின் ஒவ்வோர் அடி நீளத்தையும் சுமார் 225 கிலோ கனத்தோடு வெளியே தள்ளுகிறது. 20 அடிச் சுவருக்கு நாலரை டன். குளம் காலியாக இருக்கும்போது வெளி மண் அதே சுவரை உள்ளே தள்ளும். கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். செங்கல் இதற்கெல்லாம் தாங்காது. ஆறு அங்குலத்துக்குக் கம்பி போட்ட கான்கிரீட் தளமும் சுவரும் என்று முடிவானது. இந்த இடத்தில் மட்டும் வீம்பை விட்டு, தெரிந்தவர் பேச்சைக் கேட்டேன். அதே ஆள் இன்னொன்றும் சொன்னார். அதைக் கேட்கவில்லை.

"ஐப்பசி மழை வருதுங்க. தொட்டியைக் காலியா விட்டுடாதீங்க" என்றார். கான்கிரீட் தொட்டி மழைக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். அந்த 2021 நவம்பரில் விடாமல் பெய்தது உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் குழி சுக்கானில் வெட்டியது. தண்ணீர் கீழே இறங்காமல் தொட்டியைச் சுற்றித் தேங்கி நின்றது. ஒரு நாள் காலையில் பார்த்தால் தொட்டியின் கிழக்கு மூலை ஓர் அங்குலம் மேலே வந்திருக்கிறது. குழாய் முறிந்துவிட்டது. 17 டன் கான்கிரீட் மிதந்திருக்கிறது. கப்பல் மிதக்கிற அதே கணக்குதான். வெளியே இரண்டரை அடிக்கு மேல் தண்ணீர் நின்றால், காலித் தொட்டி கப்பல்தான். அவசர அவசரமாக உள்ளே தண்ணீர் விட்டு அமுக்கினோம். முக்கால்வாசி இறங்கியது, மீதி அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கும் குளம் நிறைந்திருக்கும்போது ஓட்டு வரிசையைப் பார்த்தால் தண்ணீர் மட்டம் என் தவறைக் காட்டிக்கொடுக்கும்.

இன்னும் சில உண்டு. ஓடு ஒட்டித் தண்ணீர் நிரப்பிய பிறகு தினமும் மட்டம் இறங்கியது. ஒழுகுகிறதா, ஆவியாகிறதா என்று தெரியவில்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. படியில் ஒரு வாளியை வைத்து, குளத்து மட்டத்துக்கே அதிலும் தண்ணீர் ஊற்றி, இரண்டிலும் கோடு போட வேண்டும். ஒரு நாள் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில் குடித்தது. குளம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் ஒழுக்கு. எங்களுடையது வெயில்தான். கோடையில் ஒரு நாளைக்குக் கால் அங்குலம். கேட்கச் சின்னதாக இருக்கிறது, கணக்குப் போட்டால் எட்டுக் குடம்.

அப்புறம் தண்ணீர் பச்சையானது. பிளீச்சிங் பவுடரைக் காலையில் போட்டுக்கொண்டிருந்தேன். போட்ட குளோரினை வெயில் தின்றுவிடுகிறது, பொழுது சாய்ந்த பிறகுதான் போட வேண்டும் என்று பிறகு தெரிந்தது. எங்கள் குளத்துக்கு ஒரு பிபிஎம் குளோரின் ஏற்ற, புதிய பவுடர் என்றால் சுமார் 75 கிராம் போதும். வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிய வைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். ஓட்டுக் கறைக்கு வாங்கி வைக்கும் ஆசிட் பாட்டிலை இந்தப் பவுடருக்குப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் வருவது விஷ வாயு.

தெருவில் பேச்சும் எழுந்தது. எங்கள் பகுதிக்குக் குடிநீர் வாரத்துக்கு ஒரு முறைதான் வரும். "குடிக்கவே தண்ணி இல்லாத ஊர்ல இவருக்குக் குளிக்கக் குளமாம்" என்று என் காதுபடவே சொன்னார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அதனால் குடிநீர்க் குழாயிலிருந்து ஒரு சொட்டும் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். மொட்டை மாடி ஆயிரம் சதுர அடி. பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால், போனது போக 750 லிட்டர் வந்து சேரும். அதை வடிகட்டிக் குளத்துக்குத் திருப்பினேன். போதாததற்குத்தான் போர் தண்ணீர். நிரப்பியதை மாற்றுவதும் இல்லை, ஃபில்டர் வைத்து அதே தண்ணீரைச் சுற்ற விடுகிறேன்.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், நாமே ஒரு வேலையைச் செய்வதில் உள்ள சுகமே தவறு செய்வதில்தான் இருக்கிறது. மில்லில் நான் கற்றதெல்லாம் அப்படித்தான். பேரிங்கைத் தப்பாக மாட்டினால் சத்தம் வரும், கழற்றி மறுபடி மாட்டினால் ஆயிற்று. தொட்டி மிதந்தால் அமுக்கிக்கொள்ளலாம். தண்ணீர் பச்சையானால் தெளிய வைக்கலாம். பணம் போகும், நாள் போகும், அடுத்த முறை கை தேறும். ஆனால் நீச்சல் குளத்தில் ஒரு வேலை இருக்கிறது. அதில் தவறு செய்து கற்றுக்கொள்ள முடியாது. இது எனக்குப் புரிந்தது 2022 ஏப்ரல் மாதம்.

தண்ணீர் நிரப்புவதற்கு முதல் நாளே என் மனைவி சொன்னாள். "ஏனுங்க, மொதல்ல சுத்தி ஒரு வேலி கட்டி கேட்டுப் போடுங்க. அப்புறம் தண்ணி உடுங்க." நான் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "நம்ம வீட்டுக் கொழந்தைகதானே? நாம ரெண்டு பேரும் இங்கதானே இருக்கறோம்? கம்பி வெலை ஏறிக் கெடக்குது, ஆடிக்கு மேல பாத்துக்கலாம்." அவள் ஒன்றும் பேசவில்லை. இடித்த சுவரையும் அதே வாயோடு தள்ளிப் போட்டேன். குழந்தைகள் தண்ணீருக்கு ஆசைப்படுகிறார்கள், சுவர் எங்கே ஓடிப்போகிறது என்று நினைத்தேன்.

தகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை. இரண்டரை வயது. ஒரு தகரத்தின் அடியை நாய் ஏதோ பறித்து இடைவெளி ஆக்கியிருந்தது. நான் பார்த்திருந்தேன். ஒரு கல்லை வைத்து மறைக்க வேண்டும் என்று நினைத்து, மறந்தும் போனேன்.

சாயங்காலம் நாலரை மணி இருக்கும். மகள் குடும்பம் அப்போது தங்கள் வீட்டுக்குப் போய்விட்டது. நான் உள் அறையில் ஃபோனில் ஓட்டுச் சந்தில் படியும் வெள்ளைக் கறையை எடுப்பது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி பின் வாசலில் உட்கார்ந்து அவரை உரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் ஒரு சிவப்புப் பந்து மிதந்தது. பார்த்துவிட்டு இரண்டு காய் உரித்தாளாம். அப்புறம்தான் உறைத்திருக்கிறது, நம் வீட்டில் சிவப்புப் பந்து இல்லையே என்று.

எழுந்து போய்ப் பார்த்தாள். குழந்தை தண்ணீருக்குள் இருந்தது.

என் மனைவிக்கு நீச்சல் தெரியாது. நாலடி ஆழம்தான் என்றாலும் அவள் குள்ளம், நெஞ்சைத் தாண்டித் தண்ணீர். சேலையோடு படியிறங்கிப் போய்த் தூக்கினாள். அவள் கத்திய பிறகுதான் நான் வெளியே வந்தேன். நான் வந்தபோது குழந்தை இருமித் தண்ணீரைக் கக்கிவிட்டு வீறிட்டு அழ ஆரம்பித்திருந்தது. அந்த அழுகைச் சத்தத்தை நான் எந்த நாளும் மறக்கப்போவதில்லை. அவர்கள் வீட்டுக் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறல் வரலாம் என்று ஓர் இரவு வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதில் என்னை இன்றுவரை உலுக்குவது ஒன்று உண்டு. சத்தமே கேட்கவில்லை. இருபதடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கேட்கவில்லை. முழுகுகிற ஆள் கையை ஆட்டிக் கத்துவார் என்று சினிமா பார்த்து நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூச்சுக்கே வழியில்லாதபோது கத்துவதற்கு மூச்சு ஏது? சின்னக் குழந்தை சத்தமில்லாமல் முழுகிவிடும். ஒன்றிரண்டு நிமிடம் போதும்.

மூன்றாம் நாள் குழந்தையின் அப்பா வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன், சண்டை போட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது. வாசலில் நின்றுகொண்டே, "அண்ணா, நீங்க எல்லாம் தெரிஞ்சவருன்னு நெனச்சமுங்க" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த நாளே குளத்தைக் காலி செய்ய ஆரம்பித்தேன். குளோரின் போக ஆறு நாள் வெயிலில் விட்டு, மொத்தத்தையும் தென்னைக்குப் பாய்ச்சினேன். அந்த ஆறு நாளும் நாற்காலியைப் போட்டுக் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்தால் அவள் உட்கார்ந்தாள். சுவரை எழுப்பினேன். மூடி மண் போட்டுவிடலாம் என்றுதான் மனம் சொன்னது. வேண்டாம் என்றது மனைவிதான். "மூடிப்போட்டா கொழந்தைக நீச்சல் பழகவே மாட்டாங்க. நீங்க செய்ய உட்டதைச் செஞ்சுட்டு மறுபடி தண்ணி உடுங்க" என்றாள்.

மகன் சிட்னியில் இருக்கிறான். அவனிடம் கேட்டேன். அங்கே வீட்டில் 30 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய குளம் இருந்தால், தடுப்பு கட்டாயம். குளத்தை அரசாங்கப் பதிவேட்டில் பதிய வேண்டும். தடுப்பு குறைந்தது 1.2 மீட்டர் உயரம், கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் சந்து இருக்கக்கூடாது. கேட் குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும், விட்டால் தானாக மூடித் தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். கேட்டை முட்டுக் கொடுத்துத் திறந்து வைப்பதே அங்கே குற்றம். என்னிடம் இப்படி யாரும் எதுவும் கேட்கவில்லை. யாரும் கேட்காததால் தேவையில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். இதுதான் என் குற்றம்.

அந்த அளவுப்படியே கட்டினேன். நாலடிக்குக் குறையாத உயரம். கம்பிகள் எல்லாம் நெட்டுக்குத்தாக, குழந்தை கால் வைத்து ஏற நடுவில் குறுக்குக் கம்பி இல்லாமல். கேட்டுக்கு ஸ்பிரிங் கீல், தாழ் உச்சியில். வேலிக்குப் பக்கத்தில் நாற்காலி, பூந்தொட்டி, கவிழ்த்த வாளி எதுவும் இருக்கக்கூடாது. வேலிக்கும் கேட்டுக்கும் ஆன செலவு 38,000 ரூபாய். குளத்துக்கு மொத்தம் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் செலவழித்தவன், பத்தில் ஒரு பங்கை மிச்சம் பிடிக்கத்தான் ஆடி வரை தள்ளிப்போட்டிருக்கிறேன்.

கட்டி முடித்ததும் நானே பார்த்து நானே சரி என்று சொல்லிக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "நீங்க சரின்னு சொன்னாத்தான் தண்ணி உடுவேனுங்க" என்றேன். அவர் கேட்டை நாலு தடவை திறந்து விட்டுப் பார்த்தார். ஒரு தடவை தாழ் சரியாக விழவில்லை. அதைச் சரி செய்த பிறகு தலையாட்டினார்.

அதே கையோடு மன்னிப்பில்லாத இன்னும் இரண்டு வேலைகளையும் பார்த்தேன். ஒன்று கரண்ட். என் தொழிலே அது என்பதால் எர்த்தும், 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி.யும் முதலிலேயே போட்டிருந்தேன். மோட்டாரையும் தள்ளித்தான் வைத்திருந்தேன். உங்களுக்குத் தொழில் அது இல்லையென்றால் தயவுசெய்து லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். இரண்டாவது, அடியில் மோட்டார் தண்ணீரை உறிஞ்சும் வாய். எனக்கு ஒன்றுதான் இருந்தது. ஒரே வாய் என்றால், அதன்மேல் குழந்தையின் முடியோ கையோ ஒட்டிக்கொண்டால் பெரியவர் பலத்துக்கும் எடுக்க வராது. இரண்டாவது வாயைத் தள்ளி அமைத்து, இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்து, இரண்டுக்கும் குமிழ் மூடி போட்டேன்.

இதையெல்லாம் சொன்னால் நம் வயதுக்காரர்கள் ஒன்று சொல்வார்கள். "நாமெல்லாம் வேலியில்லாத கிணத்துலதானே குதிச்சோம், என்ன கெட்டுப்போச்சு?" நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அன்றைக்குக் கிணற்று மேட்டில் எப்போதும் ஆள் இருந்தது. கவலை ஓட்டுபவர், துணி துவைப்பவர், மாடு கழுவுபவர், நமக்கு முன்னால் குதித்த பெரிய பையன்கள் என்று பத்துக் கண் இருந்தது. அப்படியும் கெட்டுப்போகத்தான் செய்தது. என்னோடு நாலாம் வகுப்பில் படித்தவன் ஒருவன் ஆடி நோம்பி லீவு முடிந்து பள்ளிக்கு வரவில்லை. அவனை நாம் மறந்துவிட்டோம், அதனால்தான் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று சொல்ல முடிகிறது. பிழைத்தவர்கள் மட்டும் உட்கார்ந்து பேசும் பேச்சு அது.

"நாங்க கண்ணுல எண்ணெய் ஊத்திப் பாத்துக்குவோம்" என்று இன்னொரு பதில் வரும். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணிக்கு நம் கண் எந்த நிலையில் இருக்கிறது? யாராவது ஃபோனில் கூப்பிட்டால் பேசிக்கொண்டே உள்ளே போய்விடுகிறோமா இல்லையா? எனக்கு இப்போது அறுபத்தேழு. என் கண் அசரும், காது கேட்காமல் போகும், மறதி வரும். வேலிக்கு இதெல்லாம் கிடையாது.

உலக சுகாதார நிறுவனம் 2024 கடைசியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2021-ல் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள் என்றும், அதில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் அதில் இருக்கிறது. நல்ல அப்பா அம்மா, நல்ல தாத்தா பாட்டி உள்ள குழந்தைகளும் அதில் இருந்திருப்பார்கள்.

எனவே கேட்ட மூவருக்கும் என் பதில் இது. குழியை நீங்களே தோண்டுங்கள், இடுப்பு ஒத்துழைத்தால். ஓட்டை நீங்களே ஒட்டுங்கள், கோணலானால் பரவாயில்லை. கம்பி கட்டவும் கரண்டுக்கும் தெரிந்தவரை வையுங்கள். வேலியும் கேட்டும் முடிந்து, வேறொருவர் வந்து பார்த்து, சரி என்று சொல்லும்வரை ஒரு வாளித் தண்ணீர்கூட உள்ளே விடாதீர்கள். கேட்டுக்குப் பணம் இல்லை என்றால், குளத்துக்கே பணம் இல்லை என்று அர்த்தம்.

குளமெல்லாம் நமக்கெதற்கு என்று இதுவரை படித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் சம்ப் இருக்கிறது அல்லவா? தண்ணீர் வரும் நாளில் மூடியைத் திறந்து வைத்து, நிறைந்ததா என்று எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே காபி குடிக்க உள்ளே போகிறோமே, அந்தத் தொட்டி எங்கள் குளத்தைவிட ஆழம். அதற்குப் படியும் கிடையாது. மூடிக்கு ஒரு பூட்டு நூற்றைம்பது ரூபாய். வீடு கட்டத் தோண்டி மழைத் தண்ணீர் நிற்கும் குழிகளும் இதே கணக்குதான்.

அந்தக் குழந்தை இப்போது ஒன்றாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அப்பாவோடு வந்து எங்கள் குளத்தில்தான் நீச்சல் பழகுகிறாள். என் பேத்திதான் வாத்தியார். கேட்டைத் திறக்கும் வேலை அவள் அப்பாவுடையது, நான் தொடுவதில்லை. அவளுடைய பாட்டி மட்டும் இன்றுவரை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. வழியில் பார்த்தால் என் மனைவியிடம் நின்று பேசுவார். என்னிடம் பேசமாட்டார். அதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் கிடையாது.

இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் சம்ப் மூடியை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். மற்றதை அடுத்த வாரம் பேசலாம்.